ஒரு பிளேன்டீ கணக்கு: கண்டி முதல் பதுளை வரை

முதல் நாள்: கண்டி

இலங்கை மலையகத்தில் பஸ், ரயில் கட்டணம் யாரையும் ஏழையாக்காது. பணம் கரைவது நேரம் தவறிச் சாப்பிடுவதில்தான். பகல் மூன்று மணிக்குச் சோறு தேடினால் சாப்பாட்டுக் கடைகளில் சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான பெரிய உணவகம் மட்டும் திறந்திருக்கும். இரவு பத்து மணிக்கு ஊர் வந்து சேர்ந்தால் விடுதிக்காரர் சொல்வதே விலை. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு மணி இருக்கிறது. அந்த மணிக்கு அந்தக் கடையில் இருந்தால், ஊரிலேயே மலிவானதும் ஊரிலேயே ருசியானதும் பெரும்பாலும் ஒரே தட்டில் வரும். கண்டியிலிருந்து பதுளை வரை நாளுக்கு ஒரு பகுதியாக எழுதப்போவது இந்த மணிக் கணக்கைத்தான்.

ரூபாய் விலைகளை எழுதப்போவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விலைகள் ஏறியும் இறங்கியும் மாறுகின்றன. இன்று எழுதுவது அடுத்த மாதமே பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக ஓர் அளவுகோல். எந்த ஊரில் இறங்கினாலும், டிரைவரும் கண்டக்டரும் நின்று குடிக்கும் பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒரு பிளேன்டீ (பால் சேர்க்காத வெறுந்தேநீர்) குடியுங்கள். அதன் விலைதான் அந்த ஊரின் அடிப்படை. பால்தேநீர் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வரும்; ரோல்ஸ் ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேறொரு கடையில் பிளேன்டீயே மூன்று மடங்கு விலை என்றால் சோறும் கொத்து ரொட்டியும் அதே கணக்கில்தான் இருக்கும், மெனுவை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

கண்டியில் தூர இடங்களுக்கான பஸ்கள் ரயில் நிலையத்தைச் சுற்றிய பகுதியிலிருந்து புறப்படுகின்றன. நிலையம், சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம், குளக்கரை, தலதா மாளிகை எல்லாம் நடை தூரம். நிலையத்து வாசலில் ஓட்டோ ஏறாமல் நகருக்குள் நடந்துவிடுங்கள். விடுதி மலை மேலே என்றால் மட்டும் பிக்மீ செயலியில் ஓட்டோ அழையுங்கள். விலை முன்கூட்டியே தெரியும், பேரம் பேச வேண்டியதில்லை. குளக்கரையைப் பார்த்த அறைக்கும் நான்கு தெரு தள்ளி மேட்டில் இருக்கும் அறைக்கும் வாடகையில் பெரிய வித்தியாசம் உண்டு. எசல பெரஹரா நடக்கும் ஜூலை–ஆகஸ்ட் நாட்களில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அந்த நாட்களில் கம்பளையிலோ மாத்தளையிலோ தங்கி வந்துபோவது மேல்.

இனி மணிக்கு வருவோம்.

காலை ஆறிலிருந்து எட்டரை வரை. தெருவோரத்தில் பாத்திரம் வைத்து இலைக்கஞ்சி விற்பார்கள். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரை அல்லது சாத்தாவாரி இலைச்சாறு. கையில் ஒரு துண்டு கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி தருவார்கள், அதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். எட்டு மணிக்குப் பாத்திரம் காலி. கடைக்குள் போனால் இடியப்பம், தேங்காய் ரொட்டி, பாண், பாற்சோறு. இடியப்பத்துக்கு எண்ணிக்கைக் கணக்கு: ஆறு எடுத்தால் அளவான சாப்பாடு, பத்து எடுத்தால் மத்தியானம் வரை பசிக்காது. சொதியும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் பெரும்பாலும் அதே விலைக்குள் வரும்; மீன் கறி, முட்டை தனிக் கணக்கு. கேட்காமலே முட்டைக் கறியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தால், தொட்டால்தான் காசு.

தேங்காய் ரொட்டி சூடாக இருக்கும்போதுதான் ருசி. கோதுமை மாவு, திருவிய தேங்காய், உப்பு, தண்ணீர், வேறெதுவும் இல்லை. ஆறினால் விறைத்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதை வாங்காமல், தோசைக்கல்லில் கிடப்பதைக் காட்டிக் கேளுங்கள். கூடவே கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு, தேசிக்காய்ப் புளி. முதல் தடவை சாப்பிடுகிறவர் நகக்கண் அளவில் தொடங்கினால் நல்லது.

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சோறு. கடையில் அமர்ந்தால் சோறும் மூன்று நான்கு மரக்கறியும் அப்பளமும் வரும். சோறும் மரக்கறியும் மறுபடி கேட்டால் போடுகிற கடைகள் இன்னும் நிறைய உண்டு, மீனும் இறைச்சியும் ஒரு தடவைதான். பார்சல் என்றால் மறுசோறு கிடையாது, ஆனால் தொடக்கத்திலேயே அமுக்கிக் கட்டுவார்கள். அளவாகச் சாப்பிடும் இருவருக்கு ஒரு மரக்கறிப் பார்சலும் தனியாக ஒரு முட்டைப் பொரியலும் போதும். பன்னிரண்டே கால் மணிக்குப் போவதுதான் புத்தி. அப்போது பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் வல்லாரைச் சம்பலும் இருக்கும். ஒன்றரைக்கு அவை முடிந்து பருப்பும் உருளைக்கிழங்கும் மட்டும் எஞ்சும். காசு அதேதான்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மாசி. சம்பலில் மட்டுமல்ல, பல கடைகளில் பருப்பிலும் கீரையிலும்கூட மாசித்தூள் விழும். அதைச் சமைப்பவர்கள் மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே “மரக்கறியா?” என்று கேட்டால் “ஓம்” என்று மனதாரச் சொல்வார்கள். “அண்ணே, மாசி போட்டதா?” என்று தனியாகக் கேளுங்கள். கட்லட், ரோல்ஸ் வகைகளுக்கு உள்ளே மரக்கறி இருந்தாலும், தூளில் புரட்டும் முன் முட்டையில் தோய்த்திருக்கலாம். முட்டையும் வேண்டாம் என்றால் சைவக் கடைக்குப் போவதே நிம்மதி. கண்டி, ஹட்டன், நுவரெலியா மூன்றிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கின்றன.

பிற்பகல் மூன்றரையிலிருந்து ஐந்து வரை வடையும் சோட் ஈட்ஸும். பழைய தேநீர்க் கடைகளில் அமர்ந்தவுடன் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றீஸ், கட்லட், மூலை மடித்த மரக்கறி ரொட்டி என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பதற வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு; மிச்சம் திரும்பப் போகும். அதனால்தான் ஒவ்வொன்றையும் தொட்டு அமுக்கிப் பார்க்கக் கூடாது. அடுத்த மேசைக்காரரும் அதே தட்டில்தான் எடுப்பார். கைபட்ட தட்டு வேண்டாம் என்று நினைப்பவர், “அண்ணே, சுடச்சுட ரெண்டு ரோல்ஸ்” என்று கல்லாப் பக்கம் நின்று வாங்கலாம். யாரும் தவறாக எடுப்பதில்லை.

மாலை ஆறுக்கு மேல் கொத்தும் அப்பமும். அப்பத்தை அடுக்கிலிருந்து வாங்காதீர்கள், ஓரம் தொய்ந்திருக்கும். சட்டியிலிருந்து எடுப்பதற்கு ஐந்து நிமிடம் காத்திருந்து, வெள்ளை அப்பம் இரண்டு, முட்டை அப்பம் ஒன்று. கொத்தைப் பற்றி நுவரெலியாவில் எழுதுகிறேன், அதில் போடும் லீக்ஸ் (வெங்காய இனத் தண்டு) அங்கேதான்.

இரண்டாம் நாள்: கண்டிச் சந்தையும் ரயில் சீட்டும்

நேற்று விட்டுப்போனது சூன் பாண். காலையிலும் மாலையிலும் ஒரே மெட்டை ஒலித்துக்கொண்டு ஓட்டோ ஒன்று தெருவழியே வரும். அது நடமாடும் பேக்கரி. கை நீட்டினால் நிற்கும். மீன் பணிஸ், சீனி பணிஸ், ரோஸ் பாண், சீனி தூவிய நீளமான கிம்புலா பணிஸ். மலைமேட்டு விடுதியில் தங்கியவருக்கு இதைவிட மலிவான காலைச் சாப்பாடு வாசலுக்கு வராது. “காலைச் சாப்பாட்டோடு” என்று விடுதி சொல்லும் விலையையும் “அறை மட்டும்” விலையையும் இரண்டும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மத்திய சந்தையின் கீழ்த்தளத்தில் பழமும் மசாலாவும். கறுவா, ஏலம், கராம்பு, மிளகு, சாதிக்காய், வசுவாசி எல்லாம் அழகான பொதியில் தொங்கும். அந்தப் பொதி வெளிநாட்டவருக்கானது. 100 கிராம் என்ன விலை என்று கேட்டுத் தராசில் நிறுத்து வாங்குங்கள். கறுவாப் பட்டை தாள் போல் மெல்லியதாய், பல சுருள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். தடித்த ஒற்றைப் பட்டை என்றால் அது வேறு மரம். மாத்தளை வீதியில் இருக்கும் மசாலாத் தோட்டங்களில் சுற்றிக்காட்டுவது இலவசம்போல் தோன்றும். கடைசியில் எண்ணெய்க் குப்பிகளோடு நிற்கும் கடையில்தான் அந்தச் செலவை வசூலிப்பார்கள். செடியைப் பார்க்க ஆசையென்றால் பேராதனைப் பூங்காவில் மசாலா மரங்கள் இருக்கின்றன.

பழத்தில் பருவம் பார்த்து வாங்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வீதியோரம் குவியும்; எண்ணிக் கட்டிய கொத்து வாங்கும்முன் எத்தனை காய் என்று பாருங்கள். பட்டர் ஃப்ரூட் இந்தப் பக்கத்தின் செல்வம். கல்லாக இருப்பதை வாங்கினால் பையிலேயே மூன்று நாளில் பழுக்கும். பாணுக்குள் மசித்து உப்பும் மிளகும் போட்டால் ஒரு வேளை முடிந்தது.

போயா (பௌர்ணமி) தினத்தை நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருக்கும், பஸ்ஸில் கூட்டம் தாங்காது. ஆனால் வைகாசி மாதத்து வெசாக் நாட்களில் வந்தால் வீதி வீதியாகத் தன்சல் இருக்கும். சோறு, கடலை, கோப்பி, ஐஸ்கிரீம் என்று வருவோர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்; வாங்குபவர் இருந்தால்தான் கொடுப்பவருக்கும் நிறைவு.

ரயில் பற்றி. முற்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் வேண்டும். மலைநாட்டு ரயிலின் முற்பதிவு இருக்கைகள் மிக வேகமாகத் தீரும். தீர்ந்துவிட்டால் இடைத்தரகரிடம் பல மடங்கு கொடுக்காதீர்கள். முற்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டு அன்றைக்கே நிலையத்தில் கிடைக்கும், விலையும் மிகக் குறைவு. இருக்கைக்குத்தான் உறுதி இல்லை. கொழும்பிலிருந்து பதுளை போகும் எல்லா ரயிலும் கண்டிக்குள் வருவதில்லை, சில பேராதனைச் சந்தியோடு போய்விடும். ஆகவே எந்த நிலையத்தில் நிற்பது என்று முதலில் கேளுங்கள். கடும் மழைக்குப் பின் மண்சரிவால் பாதையின் சில பகுதிகள் நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூடப்படும். அதனால் இந்தக் கட்டுரை முழுவதையும் பஸ்ஸை நம்பியே எழுதுகிறேன். ரயிலைக் கடைசி நாளுக்கு, ஓடினால், வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: கம்பளை வழியாக ஹட்டன்

கண்டியில் காலை ஏழு மணிக்கு முன் ஏறினால் இருக்கை கிடைக்கும். சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸிலும் தனியார் பஸ்ஸிலும் சாதாரணக் கட்டணம் ஒன்றுதான், ஏ.சி. வான் அதைவிட அதிகம். முன்வரிசை மதகுருமாருக்கு ஒதுக்கியது, அவர் ஏறினால் எழ வேண்டும். கண்டக்டரிடம் 5,000 ரூபாய் நோட்டை நீட்டாதீர்கள். அதிகாலையில் அவரிடம் மிச்சக் காசு இருக்காது. சீட்டின் பின்பக்கம் பாக்கியை எழுதித் தருவார், இறங்கும் அவசரத்தில் அதை நீங்கள் மறப்பீர்கள். முதல் நாள் மாலையே பெரிய நோட்டை ஒரு சுப்பர் மார்க்கெட்டில் மாற்றி 100, 50, 20 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பையோடு வருகிறவர் பின்கதவில் ஏறக் கூடாது. பின்பக்கம் வளைவுகளில் ஆட்டம் அதிகம். டிரைவர் பக்கத்துப் பலகையில் பையை வைக்க இடம் தருவார்கள். கினிகத்தேனைக்கு மேல் வளைவுகள் நெருங்கிவரும், வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் வருவதும் தவறு, எண்ணெய் பராட்டா தின்றுவிட்டு வருவதும் தவறு. பாணும் பிளேன்டீயும் போதும், கையில் ஒரு துண்டு இஞ்சி.

ஹட்டன் தோட்டத் தொழிலாளர்களின் நகரம். இங்கே தமிழிலேயே எல்லாம் நடக்கும். கடைகளின் விலைப்பலகையும் தோட்டத்துச் சம்பளத்தைப் பார்த்தே எழுதப்பட்டது. மலையகம் முழுவதிலும் குறைந்த காசுக்கு நிறைந்த சாப்பாடு கிடைக்கும் இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சுற்றுலாப் பயணிகள் பலரும் பஸ் மாறும் ஊராக இதைக் கடந்துபோவது வருத்தம் தருகிறது. ஓர் இரவு தங்குங்கள்.

காலை ஐந்தரைக்கே கடை திறந்துவிடும், தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்காக. தோசை, இட்லி, உளுந்து வடை, பூரி, ரொட்டி. சாம்பாருக்கும் சம்பலுக்கும் தனிக் காசு இல்லை. தோட்டத்து ரொட்டி கண்டி ரொட்டியைவிடப் பெரியது, கனமானது; காலையில் சுட்டு, துணியில் சுற்றி, பத்து மணிக்குக் கொழுந்து மலையில் வைத்துச் சாப்பிடுவதற்கென்றே அமைந்தது. ஒரு ரொட்டியும் சம்பலும் ஒரு சாயத்தண்ணியும் (வெறுந்தேநீர்) நடைப்பயணத்துக்கு முழுச் சாப்பாடு. பகலில் சோற்றோடு நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் கேட்டு வாங்குங்கள். கோழியில் பாதி விலைகூட வராது, அந்தக் குளிரில் அதற்கு இணையும் இல்லை.

தோட்டச் சம்பளம் கொடுத்த பிறகு வரும் வார இறுதியிலும், தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் நகரம் நிரம்பி வழியும். பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, கடையில் சோறு ஒரு மணிக்கே முடியும். அந்த நாட்களில் பதினொன்றே முக்காலுக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.

இந்தப் பாதையில் வந்து சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இங்கிருந்து போகலாம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை பருவம். அப்போது ஹட்டனிலிருந்து மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ். மற்றக் காலங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். மலைவழியில் தேநீர்க் கடைகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு மூட்டையும் மனிதத் தோளில் ஏறிப் போகிறது. மேலே போகப் போக விலை ஏறுவது நியாயமே. ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு பைக்கற் பிஸ்கட், நான்கு துண்டு கருப்பட்டி கீழிருந்தே எடுத்துப் போனால் மேலே பிளேன்டீக்கு மட்டும் செலவழித்தால் போதும். பருவம் இல்லாத மாதங்களில் அந்தக் கடைகளும் விளக்குகளும் இருக்காது.

நான்காம் நாள்: தலவாக்கலை வழியாக நுவரெலியா

ஹட்டனிலிருந்து கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை வழியாக பஸ். டெவன், சென்கிளேயர் இரண்டு அருவிகளும் பஸ்ஸிலிருந்தே தெரியும், காட்சிக்குக் காசு இல்லை. ரயிலில் வருகிறவர்கள் இறங்குவது நானுஓயா. அங்கிருந்து நகருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர். நிலையத்து வாசலில் ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பஸ் இல்லை என்பார்கள். பிரதான வீதிக்கு நடந்து வந்தால் பஸ் வரும்.

உயரம் 1,868 மீற்றர். இதில் சமையலறைக்கு ஒரு விஷயம் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும். விடுதி கேத்தலில் நூடில்ஸ் போடுகிறவர்கள் இரண்டு நிமிடம் கூட்டி மூடிவைக்க வேண்டும். சமையலறை வசதியுள்ள விடுதியில் பருப்பு வேக வைக்க நினைத்தால் பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் எரிவாயுக் காசு உங்கள் கணக்கில் ஏறும். சமைக்க வேண்டிய ஊர் இதுதான். கரட், லீக்ஸ், பீற்றூட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் மண் காயாமல் சந்தைக்கு வரும். மூன்று பேருக்கு ஒரு வேளைக்கு கரட் 250 கிராம், லீக்ஸ் இரண்டு தண்டு, உருளைக்கிழங்கு அரைக் கிலோ போதும். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து இதழ் இதழாகக் கழுவுங்கள். மடிப்புக்குள் இருக்கும் மண் வெளியே தெரியாது, பல்லில்தான் தெரியும்.

இப்போது கொத்து. வீசிச் சுட்ட ரொட்டியைக் கீறி, லீக்ஸ், கரட், வெங்காயம், முட்டையோடு சூடான தகட்டில் இரண்டு இரும்புத் தகடால் கொத்துவது. காலையில் வீசிய ரொட்டி மாலைக்குள் சற்று உலர்ந்திருந்தால்தான் நன்றாக வரும். புதுச்சூட்டு ரொட்டியைக் கொத்தினால் மாவாய்க் குழையும். எனவே கீறி வைத்த ரொட்டிக் குவியலைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு: லீக்ஸும் முட்டையும் உங்கள் கண்முன் தகட்டில் விழுகிறதா, இல்லை முன்பே கொத்தி மூடி வைத்ததைச் சூடாக்குகிறார்களா? இரண்டாவது என்றால் எண்ணெய் மேலே மிதக்கும். ஏழிலிருந்து எட்டரைக்குள் கூட்டம் அதிகமாக இருக்கும் கடைக்குப் போனால் அந்தக் கவலை இல்லை. ஒரு முழு முட்டைக் கொத்து இருவருக்குப் போதும். பிரித்துச் சாப்பிட இரண்டு தட்டு கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். “நானா, உறைப்பு குறைச்சு, குழம்பு தனியா” என்று தகட்டில் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். குழம்பை ஊற்றிக் கொத்தியபின் உறைப்பை எடுக்க வழியில்லை. சீஸ் போட்டால் விலை வெகுவாக ஏறும், லீக்ஸின் மணமும் அடங்கிப்போகும். எனக்கு அது வீண் செலவு.

அறை எடுக்கும்போது மூன்று கேள்வி: சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, கம்பளி எத்தனை, ஹீட்டருக்குத் தனிக் காசா? தை மாத இரவுகளில் புல்லில் உறைபனி விழும் ஊர். ஹீட்டருக்குப் பணம் கட்டுவதைவிட இரண்டாவது கம்பளி கேட்பது மலிவு. சித்திரை வசந்த காலத்தில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியுமாக ஊரே திருவிழா, அறை வாடகை பல மடங்கு. குறைந்த செலவில் வருகிறவர் அந்த மாதத்தைத் தவிர்க்க வேண்டும்.

தேயிலை வாங்குவதென்றால் இங்கே. 1,200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை. நுவரெலியாத் தேயிலை வெளிர்நிறமாய், மணமாய் இருக்கும். அதில் பால் ஊற்றினால் மணம் போகும், நிறமும் பிடிக்காது. பால்தேநீருக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப். எனும் பொடித் தரம் கேளுங்கள், வெறுந்தேநீருக்கு அதைவிடச் சற்றுப் பெரிய பி.ஓ.பி. அல்லது இலை பெரிய தரங்கள். பெட்டியில் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்று பொருள். வாசனை கலந்த வண்ணப் பெட்டிகளில் நீங்கள் கொடுப்பது பெட்டிக்கான விலை. கண்டி வீதியில் லபுக்கலைத் தொழிற்சாலை வாசலிலேயே பஸ் நிற்கும். தனி வாகனம் பிடித்துப் போக வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள்: வெலிமடை, பண்டாரவளை

காலை பஸ்ஸில் சீதாஎலிய, ஹக்கலை தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போதே குளிர் விலகும். நேரடி பஸ் இல்லையென்றால் வெலிமடையில் மாறுங்கள். அடுத்தடுத்து பஸ் உண்டு.

தங்க வேண்டியது பண்டாரவளையில். பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவில் தங்கி எல்லவிலேயே சாப்பிடுவதுதான் இந்தப் பாதையில் பலரும் செய்யும் பெரிய செலவு. எல்லவின் பிரதான வீதியில் மெனு விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், பெரிய இடங்களில் 18 சதவீத வற் வரியும் சேரும். மெனுவின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு அமருங்கள். பண்டாரவளை உள்ளூர் மக்களின் சந்தை நகரம். பேக்கரி, சைவக் கடை, முஸ்லிம் சாப்பாட்டுக் கடை எல்லாம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே. முஸ்லிம் கடைகளில் காலைப் பராட்டாவும் பகல் புரியாணியும் தரமாக இருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் பல மூடியிருக்கும், மாலையில் நோன்புக் கஞ்சி கிடைக்கும்.

தயிரும் கித்துள் பாணியும் (பாகு) இங்கே ஒரு மாலைச் சாப்பாடாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரு லீற்றர் மண்சட்டி எருமைத் தயிர் மூன்று பேருக்குப் போதும். சட்டியைச் சாய்த்துப் பாருங்கள்: தண்ணீர் பிரிந்து நின்றால் பழையது. பாணியில்தான் ஏமாற்றம் நடக்கும். சீனி கலந்தது வெறும் இனிப்பாய் இருக்கும். அசல் கித்துளில் புகை மணமும் லேசான கசப்பும் உண்டு, விலையும் கூட. காசு குறைவென்றால் கலப்படப் பாணி வாங்குவதைவிட ஒரு துண்டு நல்ல கருப்பட்டியைச் சீவித் தூவிக்கொள்ளுங்கள்.

ஆறாம் நாள்: ஹப்புத்தளை

லிப்டன் ஆசனம் என்ற மலையுச்சிக் காட்சியிடத்துக்கு ஓட்டோ பிடிப்பவர்கள் தம்பேதன்னை வரை போகும் பஸ்ஸை அறியாதவர்கள். ஹப்புத்தளையிலிருந்து அதிகாலை முதலே தோட்டத்து மக்களோடு அது போகிறது. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை வரை பஸ். அங்கிருந்து கொழுந்து மலைகளுக்கு நடுவே சுமார் ஏழு கிலோமீற்றர் ஏற்றம், இரண்டு மணி நேர நடை. ஒன்பது, பத்து மணிக்கு மேகம் ஏறி மூடிவிடும், அதனால் முதல் பஸ். மேலே சிறிய கடையில் ரொட்டியும் தேநீரும் கிடைக்கும் என்றாலும் நகரிலிருந்து ஒரு பார்சல் எடுத்துப் போங்கள்.

கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று தமிழில் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். நிறை குறைந்தால் அன்றைய சம்பளம் குறையும் வேலை அது. நிறுத்திவைத்து விதவிதமாக நிற்கச் சொல்வது அவர்கள் கூலியில் கை வைப்பது. ஆடியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று வறட்சியாக வீசும் காலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஏறும். அப்போது வந்தால் நுவரெலியாவில் வாங்காமல் இங்கே வாங்குங்கள்.

ஏழாம் நாள்: எல்ல, பதுளை

பண்டாரவளையிலிருந்து ரயில் ஓடினால் மூன்றாம் வகுப்பில் ஏறுங்கள். எல்லவில் இறங்கி ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அரை மணிக்குச் சற்று மேலான நடை, கட்டணம் இல்லை. 1921இல் திறந்த பாலம். பார்த்துவிட்டு அடுத்த ரயிலிலோ பஸ்ஸிலோ பதுளை. ரயிலென்றால் தெமோதரையில் ஜன்னலை விட்டு நகராதீர்கள். பாதை சுற்றி வந்து தான் விட்டுவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது.

பதுளை சுமார் 680 மீற்றர்தான், வெயில் திரும்பவும் உறைக்கும். பன்னிரண்டு மணிச் சோற்றுக்குச் சரியாக வந்து சேரும்படி காலையைத் திட்டமிடுங்கள். விலைகள் மறுபடி ஹட்டன் கணக்குக்கு இறங்கியிருக்கும்.

இங்கிருந்து கொழும்புக்கு இரவு பஸ் உண்டு. அது நடுவழியில் நிற்கும் சாப்பாட்டுக் கடையில் வேறு வழியில்லாதவர்களுக்கான விலை. மாலை ஆறுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான்கு தேங்காய் ரொட்டி சுடச் சொல்லி, ஆறவிட்டு, தாளில் சுற்றுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நைந்துபோகும். விறைப்பாக இருக்கும், அதற்காகத்தான் ஒரு போத்தல் சூடான பிளேன்டீ. கூட வைப்பது கட்டைச் சம்பலாக இருக்கட்டும். தேங்காய்ச் சம்பல் நள்ளிரவுக்குள் புளித்துவிடும். மிளகாயும் உப்பும் புளியும் சேர்ந்த கட்டைச் சம்பல் கொழும்புக் கோட்டையில் இறங்கும்வரை தாங்கும்.